கிரவுன் கழன்றால், உடைந்தால், நொந்தால்: அறிகுறி பார்த்து என்ன செய்வது

திங்கட்கிழமை காலை கிளினிக் கதவைத் திறக்கப் போனால், படியில் யாராவது ஒருவர் கையைப் பொத்தியபடி இருப்பார். விரலை விரித்தால் உள்ளே ஒரு கிரவுன். கல்முனைப் பக்கம் ஒரு தனியார் பல் கிளினிக்கில் 14 வருடமாக உதவியாளராக வேலை செய்கிறேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தம் முடிந்த கிழமை இப்படி வருகிறவர்கள் கூடுதல். கோயில் வீதிக் கச்சான், அவித்த சோளன், பல்லில் இழுபடும் அல்வா என்று கிரவுனுக்கு ஆகாததெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற நாட்கள் அவை.

வருகிறவர்களில் சிலருக்குப் பழைய கிரவுனையே அரை மணித்தியாலத்தில் ஒட்டி அனுப்பிவிடுவோம். சிலருக்குப் பல்லையே பிடுங்க வேண்டி வரும். இரண்டு பேருக்கும் கிரவுன் ஒரே மாதிரித்தான் கழன்றிருக்கும். கழன்ற பிறகு வீட்டில் என்ன செய்தார்கள், எத்தனை நாள் கழித்து வந்தார்கள் என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரவுன் என்பது சுற்றிவர அராவிச் சிறிதாக்கிய உங்கள் சொந்தப் பல்லுக்கு மேலே மாட்டி, சீமெந்து வைத்து ஒட்டிய ஒரு மூடி. மூடி உடைந்தால் இன்னொன்று செய்யலாம். சீமெந்து கரைந்தால் புதிதாக வைக்கலாம். உள்ளே இருக்கும் பல் ஒன்றே ஒன்றுதான். கீழே சொல்லும் எல்லாமே அந்தப் பல்லைக் காப்பாற்றுவதற்கான வேலை.

மற்றதை வாசிக்க முன்னர்

கன்னமோ தாடையின் கீழோ வீங்கி, அந்த வீக்கம் கண் பக்கம் அல்லது கழுத்துப் பக்கம் பரவுகிறதா? வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லையா? எச்சில் விழுங்கக் கஷ்டமா, நாக்கின் அடி வீங்கி நாக்கு மேலே தள்ளுகிறதா, மூச்சு முட்டுகிறதா, காய்ச்சலில் உடம்பு நடுங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, அம்பாறை பொது வைத்தியசாலையோ, கிட்ட இருக்கும் ஆதார வைத்தியசாலையோ, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவென்றாலும் உடனே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காது. பல்லில் தொடங்கிய கிருமி கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை.

வெளியே வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் முதலில் சொல்வது அதுதான், ஆனால் முக வீக்கத்துக்கு அது கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் போதும்.

“இஞ்ச பாருங்க மகள், பல்லு கழண்டு கையோட வந்திட்டு”

பயப்படாதீர்கள். இதுதான் அதிகம் நடப்பது, இதில்தான் நல்லபடி முடியவும் இடம் உண்டு.

முதலில் கிரவுனைக் கழுவுங்கள். தொட்டியின் அடைப்பை மூடிவிட்டு, அல்லது கீழே ஒரு கிண்ணம் வைத்துக் கழுவுங்கள். தண்ணீரோடு ஓடிப்போன கிரவுன்கள் எத்தனையோ. மென்மையான பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்தால் போதும். கத்தி, ஊசி கொண்டு உள்ளே சுரண்ட வேண்டாம்.

இனி வெளிச்சமான இடத்தில் இருந்து, போன் டோர்ச்சை அடித்து, கிரவுனைக் கவிழ்த்து அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பது இப்போது முக்கியமில்லை. உள்ளே நாலில் ஒன்று தெரியும்.

உள்ளே வெறுமையாக, சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோலக் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது பழைய சீமெந்து. கண்ணாடியில் வாயைப் பார்த்தால், கழன்ற இடத்தில் குட்டையான, கெட்டியான ஒரு முளை நிற்கும். இது நல்ல செய்தி. பெரும்பாலும் அதே கிரவுனைத் திரும்ப ஒட்டலாம்.

உள்ளே மண்ணிறமாக, ஈரமாக, மணந்தால் கெட்ட வாடை அடித்தால், ஓரத்தால் எச்சில் நுழைந்து உள்ளே சூத்தை பிடித்திருக்கிறது. வேர்ச் சிகிச்சை (உள்ளே உள்ள நரம்பை எடுத்து அடைப்பது) செய்த பல் என்றால் நரம்பு இல்லாததால் நொந்திருக்காது. “நோவே இல்லையே, எப்படிச் சூத்தை வந்தது?” என்று எல்லோரும் கேட்பது இங்கேதான். நோவு வராததால்தான் இவ்வளவு தூரம் போனது. சூத்தையை எடுத்த பிறகு எவ்வளவு பல் மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் பழைய கிரவுனா புதியதா என்று வைத்தியர் சொல்வார்.

உள்ளே குழியே தெரியாமல், பல் நிறத்தில் ஏதோ நிறைந்திருந்தால் அது உங்கள் பல். முரசு (ஈறு) மட்டத்தில் முறிந்து கிரவுனோடு வந்துவிட்டது. இதைத் திரும்ப வைக்க முயலாதீர்கள். பிடிப்பதற்குக் கீழே எதுவும் இல்லை, தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடும்.

கிரவுனின் அடியில் ஆணி மாதிரி ஒரு நீளமான துண்டு துருத்திக்கொண்டிருந்தால், அது வேருக்குள் இறக்கி வைத்த தூண். அதையும் வீட்டில் குத்தி இறக்க வேண்டாம். சற்றுச் சரிந்து இறங்கிவிட்டால், அடுத்த முறை கடிக்கும்போது வேர் நெடுகப் பிளக்கும். வேர் பிளந்த பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

பார்த்து முடிந்ததும் கிரவுனை மூடியுள்ள ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள். பாமசியில் குளிசை போட்டுத் தரும் டப்பி போதும். டிசுவில் சுற்றாதீர்கள். மண்டூரிலிருந்து ஒரு அம்மா வெறுங்கையோடு வந்து நின்றார். “பிரிஜ்ஜுக்கு மேல டிசுவில சுத்தி வெச்சன் மகள், மருமகள் குப்பையெண்டு கூட்டித் தள்ளிட்டா.” வாயில் இருந்த முளை அவ்வளவு சுத்தம், அவ்வளவு கெட்டி. இருந்திருந்தால் அன்றைக்கே ஒட்டியிருக்கலாம். அச்செடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, புதியது வரும்வரை அவர் திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்தது.

வைத்தியர் கிடைக்க ஓரிரு நாள் ஆகும் என்றால்

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் நிலைமை. மாரி வெள்ளத்தில் பாதை மூடினால் சொல்லவே வேண்டாம். அப்போது கிரவுனைத் தற்காலிகமாக மாட்டி வைக்கலாம். ஆனால் மேலே சொன்ன நாலில் முதலாவது வகைக்கு மட்டும்.

முதலில் எதுவும் பூசாமல் வெறுமனே மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் கன்னத்துக்கு, எந்தப் பக்கம் நாக்குக்கு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு நிலையில் மட்டும் ‘டக்’ என்று இருக்கும். மெதுவாகப் பல்லைச் சேருங்கள். மற்றப் பற்கள் எல்லாம் முன்னர்போல ஒன்றோடொன்று தொட வேண்டும். கிரவுன் மட்டும் முதலில் முட்டினால் அது சரியாக இறங்கவில்லை, எடுத்துவிடுங்கள். பலவந்தமாகக் கடித்து இறக்காதீர்கள்.

சரியாக இருந்தால், முளையைத் துடைத்து உலரவிட்டு, கிரவுனின் உள்ளே கட்டுப்பல் ஒட்டுகிற கிறீமை ஒரு பயறளவு வைத்து மாட்டுங்கள். பெரிய பாமசிகளில் அந்தக் கிறீம் இருக்கும், தற்காலிக சீமெந்து கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவுமே கிடைக்காவிட்டால் சாதாரணப் பற்பசை ஒரு பொட்டு. அது பிடிக்காது, சும்மா தாங்கும், அவ்வளவுதான். படுக்கப் போகும்போது கழற்றி டப்பியில் வைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தால் சாப்பிடக் கூடாது.

சுப்பர் குளு மட்டும் வேண்டவே வேண்டாம். பாண்டிருப்பிலிருந்து கடலுக்குப் போகிற அண்ணன் ஒருவர், கழன்ற கடைவாய்ப்பல் கிரவுனைப் படகுச் சாமானில் இருந்த சுப்பர் குளுவால் ஒட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் கன்னத்தைப் பிடித்தபடி வந்தார். கிரவுன் ஓர் அரிசியின் கனத்துக்கு உயர்ந்து, நாக்குப் பக்கம் சரிந்து இறுகியிருந்தது. சுற்றியுள்ள முரசு வெந்த சோறுபோல வெளுத்துப் போயிருந்தது. இப்படி ஒட்டியதை இழுத்துக் கழற்ற முடியாது, கீறித்தான் எடுக்க வேண்டும். டொக்டர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மினக்கெட்டுக் கிரவுனை இரண்டாகப் பிளந்தார். அதோடு உள்ளே இருந்த முளையில் பாதியும் பெயர்ந்து வந்தது. அந்த அண்ணனிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் செய்ததுதானே.

மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் கிழமைக்கணக்கில் விடாதீர்கள். கிரவுன் இல்லாத இடத்துக்குப் பக்கத்துப் பற்கள் சரியும், எதிர்ப்பல் நீண்டு வரும். ஒரு மாதம் கழித்து அதே கிரவுனைக் கொண்டுவந்தால் அது இறங்காமல் போகலாம்.

விழவில்லை, ஆனால் ஆடுகிறது. அல்லது ஒரே நாற்றம்.

கழன்று விழுந்ததைவிட இதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன். விழுந்தால் ஆள் ஓடிவருவார். ஆடினால் “இன்னும் நிற்கிறதுதானே” என்று மாதக்கணக்கில் இருந்துவிடுவார்.

கண்ணாடி முன்னால் நின்று, கிரவுனின் மேல் விரலை வைத்து அமத்தி அமத்தி விடுங்கள். முரசு ஓரத்தில் சின்னக் குமிழிகள் வந்து போனால் உள்ளே சீமெந்து கரைந்துவிட்டது. ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் எச்சில் உள்ளே போய் வருகிறது. வாயில் ஒரு புளிச்ச ருசி, விடிய எழும்பினால் வாடை, அந்த இடத்தில் மட்டும் உணவு போய் அடைவது, எல்லாம் இதன் அடையாளங்கள்.

இரண்டு பல்லில் பிடித்து நடுவில் ஒரு பல் தொங்குகிற பாலம் வைத்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் விட்டாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் விழாது. விட்ட பக்கத்துப் பல் மூடிக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கும். நீங்களாக ஆட்டிக் கழற்றப் பார்க்காதீர்கள், நன்றாக நிற்கும் பல் முறிந்துவிடும். அந்தப் பக்கத்தால் சாப்பிடாமல் அந்தக் கிழமைக்குள்ளேயே காட்டுங்கள்.

சில நேரம் ஆடுவது கிரவுன் இல்லை, பல்லே வேரோடு ஆடும். அது முரசு நோயாக இருக்கலாம். இரண்டையும் வீட்டில் பிரித்தறிவது கடினம், எக்ஸ்ரே வேண்டும்.

சில்லு பறந்துவிட்டது

நண்டுக் கோதோ எலும்போ கடிக்கும்போது ஓரம் சிதறும். உடைந்த இடத்தில் சாம்பல் நிறமாக மினுங்கினால் உங்களுடையது உலோகத்துக்கு மேல் பீங்கான் பூசிய வகை. பீங்கான் மட்டும்தான் போயிருக்கிறது, பல் இன்னும் மூடியே இருக்கிறது. அவசரம் இல்லை. சின்னச் சில்லு என்றால் மினுக்கிவிடுவார்கள், கொஞ்சம் பெரிதென்றால் பல் நிற அடைப்பால் ஒட்டுப்போடலாம். பெரிதாகப் போயிருந்தால், அதுவும் முன்பல் என்றால், புதிது செய்வதுதான் நிலைக்கும்.

உலோகமே இல்லாத முழுப் பீங்கான் கிரவுனில் வெடிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடினால் அது வேறு கதை. அந்த வெடிப்பால் எச்சில் உள்ளே போகும். அதை மாற்றத்தான் வேண்டும். சிர்கோனியா கிரவுன் மிகவும் கெட்டி, லேசில் உடையாது. ஆனால் அழகுக்காக அதன் மேல் பூசிய பீங்கான் பெயரலாம்.

கூர் நாக்கில் வெட்டினால், பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகள் பாவிக்கும் மெழுகை உருட்டி அதில் அப்பிவிடுங்கள். நகம் அராவுகிற அரத்தைக் கொண்டு தேய்க்க வேண்டாம்.

ஒன்றும் கடிக்காமலே கிரவுன் அடிக்கடி சிதறுகிறதா? வீட்டில் பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள், இரவில் பல் நறநறவென்று கடிக்கிறீர்களா என்று. அப்படியென்றால் இரவுக்குப் போடும் ஒரு கவசம் செய்யாமல் எத்தனை கிரவுன் மாற்றினாலும் உடையும். வெற்றிலையோடு கொட்டைப்பாக்கு மெல்லுகிறவர்களுக்கும் இதேதான். அவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன். வந்தது கிரவுனுக்கென்றாலும் கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் டொக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய், முதலில் அது நோகாத ஒரு வெள்ளைத் திட்டாகவே இருக்கலாம்.

கடித்தால் நோகிறது

கிரவுன் வைத்து சில நாள்தான் ஆகிறது, வாயைச் சேர்த்தால் அந்தப் பல்தான் முதலில் முட்டுகிறது என்றால், கிரவுன் ஒரு மயிரிழை உயரம். நீலக் கடதாசியைக் கடிக்க வைத்து, மை பட்ட இடத்தைச் சற்று அராவினால் பத்து நிமிட வேலை. “பழகிவிடும்” என்று பொறுத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கடியும் வேரைச் சுற்றியுள்ள நாரில் சுத்தியல் அடிபோல விழுகிறது, பிறகு உயரத்தைக் குறைத்தாலும் நோவு போக நாளாகும்.

வருடக்கணக்காக நன்றாக இருந்த கிரவுன் இப்போது நோகிறதென்றால் வேரின் நுனியில் கிருமியோ, பல்லில் பிளவோ இருக்கலாம். கடிக்கும்போது அல்லாமல் கடியை விடும்போது மின்னல்போல வெட்டினால் பிளவென்று கூடுதலாகச் சந்தேகிப்போம்.

குளிருக்கும் சூட்டுக்கும் கூசுகிறது

நரம்புள்ள பல்லில் புதிதாகக் கிரவுன் வைத்தால் சில கிழமை ஐஸ் தண்ணீருக்குக் கூசும். சில செக்கனில் நின்றுவிட்டால் விட்டுவிடலாம், குறைந்துகொண்டே போகும்.

தண்ணீரை விழுங்கிய பிறகும் நோவு நின்று இழுத்தால், சூடான தேநீர்தான் அதிகம் கொல்கிறதென்றால், இரவில் நித்திரையால் எழுப்பினால், உள்ளே நரம்பு சாகத் தொடங்கியிருக்கிறது. சிலர் போத்தலில் ஐஸ் தண்ணீரை வைத்து நிமிடத்துக்கொரு மிடறு வாயில் பிடித்துக்கொண்டே வருவார்கள். அதைக் கண்டாலே டொக்டருக்குப் பாதி தெரிந்துவிடும். இதற்கு வேர்ச் சிகிச்சை வேண்டும். கிரவுனை எறிய வேண்டியதில்லை, பெரும்பாலும் அதிலேயே ஒரு துளை போட்டு உள்ளே வேலை செய்து, துளையை அடைத்துவிடலாம்.

வைத்தியரிடம் போகும்வரை நோவுக்கு, வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு போடலாம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் கேட்டுத்தான் போட வேண்டும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரோபன், டைக்லோபெனாக், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். கராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுப் பல்லில் மட்டும் வைக்கலாம், முரசில் வழிந்தால் வேகும். குளிசையை முரசோடு வைத்து ஒதுக்கிக்கொள்வதும் அப்படித்தான், புண்ணாகும்.

முரசில் பரு

கிரவுனுக்கு மேலே அல்லது கீழே முரசில் ஒரு பரு வரும், உடைந்து உப்புக் கரித்த நீர் வரும், ஆறும், திரும்ப வரும். நோவு இருக்காது. சீழ் வெளியேற வழி கிடைத்ததால்தான் நோவில்லை, உள்ளே கிருமி அப்படியே இருக்கிறது. பாமசியில் அமொக்சிசிலின் வாங்கிப் போட்டால் பரு அமர்ந்து சில கிழமையில் மறுபடி எழும்பும். வேரைத் துப்பரவாக்காமல், அல்லது பல்லை எடுக்காமல் இது தீராது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும்.

முரசோரம் கறுப்புக் கோடு

உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கிரவுனில் வருடம் போகப் போக முரசு இறங்கி அடியில் உள்ள உலோக விளிம்பு தெரியும். அது பழுதில்லை. ஆனால் அந்த ஓரம் மண்ணிறமாகி, பல்குத்தி பட்டால் மெதுமெதுவென்று உள்ளே போனால் அது சூத்தை.

விழுங்கிவிட்டேன்

சாப்பாட்டோடு வயிற்றுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் சில நாளில் தானாக வெளியேறிவிடும். வயிற்றுவலி, வாந்தி, மலத்தில் இரத்தம் வந்தால் காட்டுங்கள். ஆணி உள்ள கிரவுன் என்றால் வலி வரும்வரை பார்த்திருக்காமல் அன்றே காட்டுங்கள். புரையேறி இருமினீர்களா, நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறதா? அப்படியென்றால் இருமல் நின்றுவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சுவாசக் குழாயில் நின்றால் இருமல் அடங்கிப்போய், கிழமைகள் கழித்து நிமோனியாவாக வரலாம்.

சின்னப்பிள்ளையின் பால்பல்லில் வைத்த வெள்ளிநிற மூடி கழன்றால் வீட்டில் மாட்டவே வேண்டாம், எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிவாருங்கள். எலும்பில் திருகி வைத்த செயற்கை வேருக்கு மேலுள்ள கிரவுன் சுழன்றால் உள்ளே திருகாணி தளர்ந்திருக்கிறது. விரலால் திருகாதீர்கள். அதற்குரிய சாவி எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது, எங்கே வைத்தீர்களோ அங்கே கேளுங்கள். வெளிநாட்டில் வைத்துவிட்டு ஆவணி விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள், அங்கே கொடுத்த அட்டையைப் படம்பிடித்துப் போனில் வைத்திருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. கட்டாருக்கோ சவூதிக்கோ புறப்பட இருப்பவர்கள் ஆடுகிற கிரவுனோடு விமானம் ஏற வேண்டாம், புறப்பட ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.

கிளினிக்குக்கு வரும்போது

கிரவுன் உள்ள டப்பி. உடைந்த சில்லு இருந்தால் அதுவும். பழைய எக்ஸ்ரே. எந்த வருடம் வைத்தது, வேர்ச் சிகிச்சை செய்ததா இல்லையா என்று தெரிந்தால் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைப் பல் பிரிவுக்குப் போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாமல், மட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள். சீனி வருத்தம் இருந்தால் காலைச் சாப்பாட்டையும் மருந்தையும் விடாமல் எடுத்துவிட்டு வாருங்கள், கடைசியாகப் பார்த்த சீனி அளவையும் கதிரையில் இருக்க முன்னர் எங்களிடம் சொல்லுங்கள்.